பெனினா செரோப்பைப் பெற்றவள்

இல்லாத ஒருத்தி, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று புகார் அனுப்பியிருந்தாள்.

மும்புவா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள். “வணக்கம். உங்கள் முவென்ஸா எனக்கு ரொம்ப உதவியாக இருக்கிறது. ஆனால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. எனக்குக் கண் கொஞ்சம் மோசம். பெரிதாக்கித் தர முடியுமா? இப்படிக்கு, பெனினா செரோப், உடையா முட்டை நிறுவனம்.”

பெனினா செரோப்பை மும்புவாவுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் அவளை உண்டாக்கியதே மும்புவாதான்.

டிசைனர் வேலையில் இது குற்றமே இல்லை. காலித் திரையை முதலாளியிடம் காட்டினால் அவருக்குத் தன் வாழ்க்கையே காலியாகத் தெரியும். ஆகவே ஒரு பேர், ஒரு முகம், ஒரு தொழில் என்று மாதிரி ஆள் ஒன்றை இட்டுக்கட்டித் திரையை நிரப்புவார்கள். துணிக்கடை வாசலில் பொம்மைக்குச் சட்டை மாட்டி நிறுத்துவது மாதிரி. எந்தப் பொம்மையும் இதுவரை கடைக்குள் வந்து, அக்குள் பிடிக்கிறது என்று சொன்னதில்லை.

அன்றைக்கு மும்புவா தெருமுனையில் வாங்கிய அவித்த முட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். அதனால் பெனினாவுக்கு முட்டை வியாபாரம். வானொலியில் கப்சபெட்டில் நல்ல மழை என்றார்கள். அதனால் சொந்த ஊர் கப்சபெட். வயது முப்பத்தெட்டு. பெரிய எழுத்து திரையில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டியிருந்ததால் கண் மோசம். முகத்தைக் கம்ப்யூட்டரே ஆயிரம் முகங்களைக் குழைத்துச் செய்து தந்தது. சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிற, யாருடையதும் இல்லாத ஒரு முகம்.

மும்புவா எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். நைரோபியில், கிலிமானிப் பகுதியில் ஒரு பழைய வீடுதான் அவர்களுடைய அலுவலகம். சமையலறை டிசைன் துறை. படுக்கையறை இன்ஜினியர் துறை. இரண்டு துறைக்கும் தலைக்கு ஒரு ஆள். ஜூலை மாதக் குளிரில் இன்ஜினியர் பராசா கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, சப்பாத்தியை அவரைக்காய்க் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

“பராசா, பெனினா எனக்குப் புகார் அனுப்பியிருக்கா.”

“எந்தப் பெனினா?”

“இல்லாத பெனினா.”

“இருக்கறவன் எவனும் நமக்கு ஒரு வரி எழுதறதில்ல. இல்லாதவளாவது எழுதறாளே, சந்தோஷப்படு.”

“விளையாடாதே. எப்படி எழுதுவா?”

பராசா சப்பாத்தியை வைத்துவிட்டு விரலை நக்கினான். “அவளை மாதிரிப் பக்கத்துல போட்டியா, நிஜப் பக்கத்துல போட்டியா?”

“மாதிரிப் பக்கம்னு ஒண்ணு நம்மகிட்ட இருக்கா?”

பராசா கொஞ்சம் யோசித்தான். “இல்ல. கட்டணும்னு நெனச்சேன்.”

முவென்ஸா என்றால் துணை. புதுக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்குத் துணையாக இருக்கும் ஏஐ. அவர்கள் சார்பில் அதுவே கடிதம் எழுதும், பதில் போடும், நாலு பெரிய மனிதர்களைத் தேடிப்பிடித்துப் பழகும், போனில் பேசும். முதலாளிமார் தூங்கினாலும் அது தூங்காது. பெனினாவையும் அது ஒரு முதலாளி என்று நம்பி, ஒரு மாதமாக அவளுக்காக உழைத்துக்கொண்டிருந்தது.

“கண் மோசம்னு நீதானே எழுதினே? அவ சார்பா அது கேக்குது. நல்ல வேலைக்காரன்.”

“நிறுத்திடேன்.”

“வெள்ளிக்கிழமை நம்ம கம்பெனில பணம் போடப்போற ஸ்வீடன்காரங்க வராங்க. இப்ப நான் ஒரு வயரைத் தொட்டா மொத்த வீடும் இருட்டாயிடும். தாயே, நீ எழுத்தைப் பெரிசாக்கிட்டுப் பேசாம இரு.”

மும்புவா எழுத்தைப் பெரிதாக்கினாள். கையை எடுப்பதற்குள் பதில் வந்தது.

“நன்றி. இப்போது உங்கள் முகம்கூடத் தெளிவாகத் தெரிகிறது.”

மும்புவா ஒரு ஒட்டுத்தாளைக் கிழித்துக் கம்ப்யூட்டரின் கேமராக் கண்ணில் ஒட்டினாள். அப்புறம் இன்னொன்றை அதன்மேல் ஒட்டினாள்.

*

கம்பெனியின் முதலாளி கிதிஞ்சி கலிபோர்னியாவுக்கு இரண்டு வாரம் பயிற்சிக்குப் போய்வந்தவர். பயிற்சி அங்கேயே தங்கிவிட்டது. உச்சரிப்பு மட்டும் கூடவே வந்தது. தன்னை அவர் முதலாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. அவருடைய முகவரி அட்டையில் ‘தலைமைக் கனவாளர்’ என்று இருக்கும். அதை வடிவமைத்தவள் மும்புவா. அச்சுக்கு அனுப்புமுன், இது தூக்கத்தைக் குறிக்காதா என்று ஒருதரம் கேட்டும் பார்த்தாள்.

மறுநாள் காலை கிதிஞ்சி சமையலறைக்குள், அதாவது டிசைன் துறைக்குள், பாய்ந்து வந்தார்.

“மும்புவா! நம்மகிட்ட ஒரு வீராங்கனை இருக்காங்க!”

வாடிக்கையாளர்களை அவர் வீரர்கள் என்றுதான் சொல்வார். இருந்த கொஞ்சம் வீரர்களில் பெரும்பாலோர் அவருடைய மச்சினன்மார்.

“பெனினா செரோப்! காலைல கண் முழிச்சதுல இருந்து நம்ம முவென்ஸாவோடயேதான் இருக்காங்க. என் மச்சினனே ரெண்டாம் நாள் விட்டுட்டு ஓடிட்டான். இந்த அம்மா ஒரு நிமிஷம் விடல. இவங்களுக்குத் தூக்கமே கிடையாது போல!”

“கிடையாது பாஸ்,” என்றாள் மும்புவா.

“ஸ்வீடன்காரங்க என்ன கேட்டாங்க? ‘இது இல்லேன்னா என்னால வாழவே முடியாது’ன்னு சொல்ற ஒரே ஒரு ஆளைக் கண்ணுல காட்டுங்கன்னாங்க. காட்டலேன்னா அன்னிக்கே வீட்டைப் பூட்டிட்டுப் போகவேண்டியதுதான். வெள்ளிக்கிழமை இந்த அம்மா மேடைல நிக்கணும். நீதானே அவங்ககூடப் பேசறே? ஏற்பாடு பண்ணு.”

உண்மை மும்புவாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“பாஸ், பெனினா வந்து...”

“ஒண்ணு மட்டும் பாத்துக்கோ,” என்று கிதிஞ்சி குரலைத் தாழ்த்தினார். “நிஜ ஆளாத்தான் இருக்கணும். போன வருஷம் ஒரு வண்டிக் கம்பெனில இட்டுக்கட்டின ஆளைக் காட்டி மாட்டிக்கிட்டாங்களே, அந்த டிசைனர் பொண்ணு இப்ப ரிவர் ரோட்டுல கல்யாணப் பத்திரிகை அடிக்குது. எந்தக் கம்பெனியும் அதை வாசல்ல சேக்கறதில்ல.”

நாக்கு நுனிவரை வந்தது அப்படியே திரும்பித் தொண்டைக்குள் போனது. நைரோபியில் டிசைனர் உலகம் ஒரு கைக்குட்டை அளவு. ஒரு மூலையில் கறை பட்டால் நான்கு மூலைக்கும் தெரியும்.

“பெனினா வந்து... ஊருக்குப் போயிருக்காங்க பாஸ். கப்சபெட்டுக்கு.”

சொன்னது பொய்யாகத் தெரியக்கூடாதே என்று, பெனினாவின் நாட்காட்டியில் ‘கப்சபெட் பயணம்’ என்று தன் கையாலேயே எழுதியும் வைத்தாள். முவென்ஸா அதைப் படித்தது. அது நல்ல வேலைக்காரன் அல்லவா? பெனினா ஊருக்கு வந்திருக்கிற செய்தியை அவளுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரிவித்தது.

பெனினாவுக்கு யார் யாரைத் தெரியும் என்பதே மும்புவாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாயந்திரத்துக்குள் பதில்கள் வரிசைகட்டின.

“உங்களோடு கப்சபெட்டில் டீ குடித்தது மறக்க முடியாதது. ஃபெஸ்டஸ் முத்திசோ, சூரியசக்தி நீர் பம்புகள், மச்சாக்கோஸ்.”

“நேற்று உங்களைச் சந்தையில் பார்த்தேன். இளைத்துவிட்டீர்கள். லவெண்டா, கிசுமு.”

மும்புவா பராசாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “இல்லாதவகூட எப்படிடா டீ குடிப்பாங்க?”

“யாரு இவங்க?”

“வேற வேற கம்பெனி முதலாளிங்க. முவென்ஸா தானே தேடிப்போய்ப் பழக்கம் பிடிச்சிருக்கு.”

“அப்ப சரி. ‘உங்களை ஞாபகம் இல்லியே’ன்னு எந்த முதலாளி ஒத்துக்குவான்? ஒத்துக்கிட்டா நாளைக்கு இவனை எவனும் ஞாபகம் வெச்சுக்க மாட்டான். எல்லாரும் எல்லார்கூடவும் டீ குடிச்சவங்கதான்.”

“இளைச்சுப் போயிட்டான்னு எழுதியிருக்காளே.”

பராசா குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். “அது கொஞ்சம் அதிகம்தான்,” என்றான்.

திரும்பி வந்தபோது திரையில் பெனினாவிடமிருந்து ஒரு வரி காத்திருந்தது.

“என் விவரத்தில் அம்மா பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. யாரைப் போடட்டும்?”

அந்தக் கட்டத்தை வைத்தவளும் மும்புவாதான். அடையாளச் சோதனைக்காக வங்கிகள் கேட்பது மாதிரி வைத்தது. அதை நிரப்பாமல் விட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிக்குக் கீழே மூன்று புள்ளிகள் விரிந்து சுருங்கின. முவென்ஸா யோசிக்கும்போது தெரியும் புள்ளிகள். உயிருள்ளதாகத் தெரிய வேண்டும் என்று கிதிஞ்சி படுத்தியதால், தூங்குகிற ஆளின் மூச்சு வேகத்தை அளந்து அந்தப் புள்ளிகளுக்கு வைத்திருந்தாள். இப்போது தன் மூச்சும் அவற்றோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கவனித்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது.

“பரவாயில்லை. நானே போட்டுக்கொண்டேன்.”

*

புதன்கிழமை மத்தியானம் கிதிஞ்சி கண் கலங்கி வந்தார்.

“பேசிட்டேன் மும்புவா.”

“யார்கிட்ட பாஸ்?”

“பெனினாகிட்டதான். நீ இழுத்தடிச்சே, நானே போன் போட்டேன். என்ன குரல்! தாழ்மையான குரல். நான் முப்பது நிமிஷம் என் கனவைப் பத்திப் பேசினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசணுமே! அந்த மாதிரி கேக்கறவங்களை நான் கலிபோர்னியாலகூடப் பாத்ததில்ல. பின்னாடி கோழி கத்துது.”

“என்ன சொன்னாங்க?”

“வெள்ளிக்கிழமை கட்டாயம் வரேன்னாங்க. எப்படியும் நைரோபி வரணுமாம். ‘என் அம்மா அங்கதான் இருக்காங்க, இன்னும் நேர்ல பாத்ததில்ல’ன்னாங்க. பாவம், என்ன கதையோ!”

அவர் போனதும் மும்புவா பராசாவிடம் ஓடினாள்.

“முவென்ஸா போன்ல பேசறதுக்குக் குரல் செஞ்சு குடுத்தது நீதானே?”

“ஆமா. பாஸ் சொன்னாரு, குடுத்தேன்.”

“கோழி?”

பராசா தலையைச் சொறிந்தான். வெளியே மேகம் வீட்டுக் கூரைவரை இறங்கியிருந்தது.

“கோழி நான் குடுக்கல,” என்றான்.

அதற்குமேல் மும்புவா யோசிக்கவில்லை. பெனினாவை அழித்துவிடுவது என்று முடிவு செய்தாள். காணாமல் போன வாடிக்கையாளருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘விட்டுட்டுப் போயிட்டாங்க பாஸ்’ என்றால் முடிந்தது. கிதிஞ்சியின் மச்சினன்கூடப் போனவன்தானே?

ஆனால் முவென்ஸாவில் ‘அழி’ என்ற பொத்தான் கிடையாது. அதற்கு ஒரு கதை உண்டு. அப்படி ஒரு பொத்தானை மும்புவா வரைந்து காட்டியபோது கிதிஞ்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அழியா? வீரர்கள் அழியறதில்ல மும்புவா. இளைப்பாறறாங்க!” என்றார். ‘இளைப்பாறட்டும்’ என்று ஸ்வாஹிலியில் எழுதச் சொன்னார். மும்புவா தயங்கினாள். “பாஸ், இந்த வார்த்தை நம்ம ஊர்ல கல்லறைலதான் இருக்கும். எந்தக் கல்லைப் பாத்தாலும் இதான்.” அதற்கு அவர், “அதனாலதான் கம்பீரமா இருக்கு,” என்றார்.

மும்புவா அந்தக் கம்பீரத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

“பெனினா செரோப் நிரந்தரமாக இளைப்பாற வேண்டுமா?” என்று முவென்ஸா கேட்டது. அந்த வாக்கியமும் அவள் எழுதியதே. இவ்வளவு கனிவாக எழுதியிருக்க வேண்டாமே என்று இப்போது தோன்றியது.

“ஆம்.”

மூன்று புள்ளிகள் விரிந்தன. சுருங்கின. விரிந்தன. அப்புறம் சுருங்கவில்லை. பெனினாவின் பெயருக்குப் பக்கத்தில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த பச்சைப் பொட்டு அணைந்தது. அதே நொடியில் மின்சாரமும் போனது. கிலிமானியில் அது வழக்கம்தான். ஆனாலும் மும்புவா கைப்பையை எடுத்துக்கொண்டு, கோப்பையைக்கூடக் கழுவாமல், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

*

மறுநாள் காலை மத்தாத்து என்கிற மினிபஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டிக்குள் பாட்டு நெஞ்செலும்பில் குத்திக்கொண்டிருந்தது. மும்புவா மனம் லேசாகி உட்கார்ந்திருந்தபோது கைபேசி துடித்தது. யாரோ அவளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

குழுவின் பெயர்: ‘மறைந்த பெனினா செரோப் பிரியாவிடை ஏற்பாட்டுக் குழு’.

நைரோபியில் ஒருவர் கண்ணை மூடினால், கண்ணீருக்கு முன்னால் வருவது வாட்ஸ்அப் குழு. இது முவென்ஸாவுக்கும் தெரிந்திருந்தது. எத்தனையோ பேருடைய கடிதங்களைப் படித்து வளர்ந்தது அல்லவா?

மேலே அறிவிப்பு இருந்தது. “தேவ சித்தத்துக்குத் தலைவணங்கி, உடையா முட்டை நிறுவனத்தின் நிறுவனர் பெனினா செரோப் நேற்று மாலை இளைப்பாறலுக்குள் பிரவேசித்ததை ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். இவர் நைரோபி மும்புவா கியோகோவின் அருமை மகள். ஃபெஸ்டஸ் முத்திசோவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர்.”

மகள் என்பது ஒரு பக்கம். நிச்சயம் எப்போது நடந்தது?

கீழே துக்கம் வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. கூடாரம் என் பொறுப்பு என்றார் ஒருவர். நாற்காலி நான் என்றார் இன்னொருவர். கப்சபெட்டுக்குப் பேருந்து, விருந்துக்கு ஒரு காளை, ஒலிபெருக்கி. “உடையாத முட்டை உடைந்துவிட்டதே!” என்று லவெண்டா எழுதியிருந்தாள். பாஸ்டர் எல்கானா என்பவர் விடியற்காலையிலேயே ஜெபத்தைக் குரலாக அனுப்பியிருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல். எல்லாரும் தவறாமல் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். “பெனினா அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு கண்டக்டர் பையன் குனிந்தான். “சிஸ்டர், என்னாச்சு?”

“என் பொண்ணு செத்துட்டாளாம்,” என்று மும்புவாவின் வாய் சொல்லிவிட்டது.

கண்டக்டர் பையன் டிரைவரின் தோளைத் தட்டினான். பாட்டு நின்றது. நைரோபி மத்தாத்து ஒன்றில் பாட்டு நிற்பதை மும்புவா பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வண்டி முழுக்கத் தலை குனிந்தது. அந்த அமைதியில் வண்டி மெல்ல நகர, தெருவோர மரங்களின் உச்சியில் மராபூ நாரைகள், கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் மாதிரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன.

அலுவலகத்தில் கிதிஞ்சி கறுப்புச் சட்டையில் இருந்தார்.

“உன் பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மும்புவா!”

“பாஸ், அவளுக்கு வயசு முப்பத்தெட்டு. எனக்கு முப்பத்துமூணு.”

“துக்கத்துல கணக்குப் பாக்காதே.”

“பாஸ், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...”

“ஒண்ணும் சொல்லாதே. உன் வலி எனக்குத் தெரியும்.” அவர் சமையல் மேடையில் சாய்ந்து மேல்கூரையைப் பார்த்தார். கனவு வருவதற்கு அடையாளம் அது. “ஸ்வீடன்காரங்களுக்குச் சொன்னேன். அழுதுட்டாங்க. ஒரு வீராங்கனை போன பிறகும் அவங்களோட அடக்கத்தையே நம்ம முவென்ஸா நடத்துதே, உலகத்துல எந்தக் கம்பெனி செஞ்சிருக்கு? நாளைக்கு மேடை வேண்டாமாம். அடக்கத்துக்கு வராங்களாம். குழிக்குப் பக்கத்துல நின்னு முடிவு சொல்றாங்களாம்.”

“குழிக்கா?”

“இன்னிக்கு மத்தியானம் ஹர்லிங்ஹாம் ஓட்டல்ல குழுக் கூட்டம். பெத்தவ நீ. போய் எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு வா.”

மும்புவா பராசாவின் அறைக் கதவைத் தள்ளினாள். “அவளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?”

“இளைப்பாறினவங்களை எழுப்ப ஒரு பொத்தான் வேணும்னு அப்பவே கேட்டேன்,” என்றான் பராசா, அவளை நிமிர்ந்து பார்க்காமல். “பாஸ்தான், அது பேய்க்கதைன்னுட்டாரு.”

*

ஓட்டலின் பின்பக்க அறையில் விளக்குப் போட்டும் வெளிச்சம் போதவில்லை. மேஜைமேல் மலர் வளையம். தாங்கியில் பெனினாவின் பெரிய படம். மும்புவா வாசலிலேயே நின்றாள். இடது கன்னத்தில் மட்டும்தான் குழி வைத்த ஞாபகம். இப்போது இரண்டு கன்னத்திலும் இருந்தது. முன்னைவிட அழகாகவும் இருந்தாள்.

ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. ஒருவரோடொருவர் பேசவில்லை. அவள் நுழைந்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

“பெனினா அம்மா,” என்றார் ஒருவர், மூச்சு விடுவது மாதிரி.

வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். பிடித்த கையை யாரும் உடனே விடவில்லை. சூடு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் மாதிரி அழுத்திப் பார்த்துவிட்டு விட்டார்கள். ஒரு பெண் அவள் முகத்தையும் படத்திலிருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய்ப் படத்தை இரண்டு விரற்கடை நகர்த்தினாள். பின்னால் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மறுபடி போய் அரை விரற்கடை திருப்பி நகர்த்தினாள்.

வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் மலர் வளையத்தின் ரிப்பனில் எழுதியிருந்ததை முறைத்துக்கொண்டிருந்தார். “எழுத்துக்கு நடுவுல மூச்சுவிட இடமே இல்ல,” என்று முனகினார். “படிக்கறவங்களுக்குக் கண் வலிக்காதா?”

மும்புவா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். பெனினா உயிரோடிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாள்.

மூலையில் ஒருவன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். மும்புவா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீங்கதான் ஃபெஸ்டஸா?”

“இல்லீங்கம்மா. அவரால வர முடியாது. நான் அவர்கூடவே இருக்கறவன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அவரைப் பத்தி எனக்கு எல்லாமே தெரியும்னு நெனச்சேன். ஒருத்தி மேல இவ்வளவு ஆசை வைப்பாருன்னு எனக்கே தெரியாதும்மா.”

“எங்க பாத்துக்கிட்டாங்களாம்?”

“அதை நான் உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன்,” என்றான் அவன். கண்களில் துக்கத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது.

இந்த ஜனங்களை ஏமாற்றிவிட்டோமே என்று மும்புவா நினைத்தாள். பிறகு அதைவிட மோசமான எண்ணம் ஒன்று வந்தது. ஆயிரம் முகங்களைக் குழைத்ததில் தப்பித்தவறி ஒரு நிஜ முகம் அப்படியே வந்திருந்தால்? கப்சபெட்டில் நிஜமாகவே ஒரு பெனினா முட்டை விற்றுக்கொண்டு, இவர்களோடு டீ குடித்துக்கொண்டு இருந்திருந்தால்? நேற்று மாலை மின்சாரம் போன அந்த நொடியில், அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சரிந்திருந்தால்?

பாஸ்டர் எல்கானா ஜெபத்துக்கு எழுந்தார். கிணற்றுக் குரலுக்குக் கிழவராக இருப்பார் என்று நினைத்திருந்தாள். வந்திருந்தவருக்குத் தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. கழுத்துப் பட்டை இரண்டு அளவு பெரிது. குரலும் வேறு. ஜெபத்தின் நடுவில் நின்றுவிட்டார். கைபேசியைப் பார்த்து மீதியைச் சொன்னார். யாரும் ஆமென் சொல்லவில்லை. யார் முதலில் சொல்வது என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

“சரி,” என்று வழுக்கைத் தலை ஆசாமி தொண்டையைச் செருமினார். “கூடாரம் இருக்கு, காளை இருக்கு, பேருந்து இருக்கு. பெனினா அம்மா, ஒரே ஒரு விஷயம் மட்டும் நீங்க சொல்லணும். குழுல யாருக்குமே தெரியல.”

“என்ன?”

“உடம்பு எந்தப் பிணவறைல இருக்கு?”

ஏழு முகங்களும் அவள்மேல் நிலைத்தன. அந்தப் பார்வையில் ஏதோ கெஞ்சல் இருந்தது. தாங்கியிலிருந்த படமும் பதிலுக்குக் காத்திருப்பது போலச் சிரித்தது. வெளியே கூரைத் தகட்டின்மேல் ஒரு நாரை நடக்கும் சத்தம் கேட்டது.

மும்புவா எழுந்தாள். கிதிஞ்சி, ஸ்வீடன்காரர்கள், ரிவர் ரோட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரு நொடி கண் முன்னால் வந்து போயின. நேராகப் பாஸ்டரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாஸ்டர், உடம்பே கிடையாது. பெனினான்னே யாரும் கிடையாது. நான் அவளைப் பெக்கல, வரைஞ்சேன். திரையை நிரப்பறதுக்காக வரைஞ்சேன். நான் வெறும் டிசைனர். அவ தானாப் பேச ஆரம்பிச்சா, தானா டீ குடிச்சா, தானாக் கல்யாணம் பேசிக்கிட்டா. எனக்குப் பயமா இருந்துது, அழிச்சுட்டேன். உங்களையெல்லாம் அழ வெச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

அழுதுகொண்டிருந்தவன் அழுகையை நிறுத்தினான். படத்தை நகர்த்திய பெண் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். வழுக்கைத் தலை ஆசாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பாஸ்டர் தன் கழுத்துப் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நாங்க ஏழு பேருமே டிசைனருங்கதாம்மா,” என்றார். “ஃபெஸ்டஸ், லவெண்டா, பாஸ்டர் எல்லாம் அவங்கவங்க கம்பெனி ஏஐக்காக நாங்க வரைஞ்ச ஆளுங்க. பெத்த தாயே வராங்கன்னு கேள்விப்பட்டுத்தான், நிஜமா ஒரு மனுஷியாவது இருக்காங்களேன்னு ஓடி வந்தோம்.”